நாம் கொடுக்கும் புத்தகம் யாருக்காக?



இந்த மாதப் பாடம் கிராமத்துக் குழந்தைகளுக்குப் புத்தகம் கொடுப்பது பற்றியது. பாடத்துக்குள் போகுமுன், நாங்களே செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஊரப்பாக்கத்தில் நாங்கள் நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு கிராமப் பள்ளிக்கூடத்துக்காகப் புத்தகம் திரட்டினோம். ஜும்ஆவுக்குப் பிறகு அறிவிப்புச் செய்தோம். மக்கள் தாராளமாகத் தந்தார்கள். இரண்டே வாரத்தில் பதினொரு அட்டைப்பெட்டிகள் நிறைந்தன. மினி வேனில் ஏற்றிப் போய், மதுராந்தகத்துக்கு அப்பால் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் இறக்கினோம். தலைமை ஆசிரியை நன்றி சொன்னார். போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

ஆறு மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது பள்ளிக்குள் எட்டிப் பார்த்தோம். பதினொன்றில் எட்டுப் பெட்டிகள் ஒரு மூலையில் அடுக்கியபடியே இருந்தன. அடிப்பெட்டியில் கரையான் ஏறியிருந்தது. என்ன காரணம் என்று கேட்டோம். அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க பாய். பிரிச்சுப் பார்த்தோம். பத்தாம் வகுப்பு கைடு, பன்னிரண்டாம் வகுப்பு நோட்ஸ், இன்ஜினியரிங் புத்தகம், பாதி எழுதின நோட்டு. இங்கே இருக்கிறது அஞ்சாம் வகுப்பு வரைக்கும் உள்ள பிள்ளைங்க. ஆசையா கொண்டு வந்தவங்ககிட்ட வேணாம்னு சொல்ல மனசு வரல."

மீதி மூன்று பெட்டிகளில் இருந்தவை வகுப்பறை அலமாரியில் இருந்தன. நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கனமான ஓர் ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்காம்மா?" என்று கேட்டேன். "படம் நல்லா இருக்கு. படிக்கத்தான் வரல" என்றாள்.

பதினொரு பெட்டியில் அவளுக்கென்று ஒரு புத்தகம்கூட இல்லை. எங்கள் அலமாரிகள் காலியாகிவிட்டன, அவ்வளவுதான். அன்றிலிருந்து, புத்தகம் கொடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான் என்று புரிந்துகொண்டோம்: இது யாருக்காக?

மஸ்ஜிதுக் கயிற்றில் தொங்கிய கொத்து

இந்தக் கேள்வி புதிதல்ல. மதீனாவில் பேரீச்சை அறுவடைக் காலத்தில் தோட்டம் வைத்திருந்த அன்ஸார்கள் பழக்கொத்துகளைக் கொண்டுவந்து மஸ்ஜிதுந் நபவியில் தொங்கவிடுவார்கள். மஸ்ஜிதின் திண்ணையிலேயே தங்கியிருந்த ஏழை ஸஹாபாக்களான அஹ்லுஸ் ஸுஃப்பாவினர் பசித்தால் வந்து, கோலால் தட்டி, உதிர்ந்ததை உண்பார்கள். சிலர் மட்டும் காய்ந்தும் சொத்தையுமாக, தாங்கள் தின்ன மாட்டாத கொத்தைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அப்போதுதான் சூரா அல்பகராவின் 267ஆம் வசனம் இறங்கியது என்று பராஃ இப்னு ஆஸிப் (ரலி) அறிவிக்கும் செய்தி திர்மிதியில் இருக்கிறது. சம்பாதித்ததில் நல்லதையே கொடுங்கள், உங்களுக்குக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் வாங்க மாட்டீர்களே, அப்படிப்பட்டதைத் தேடி எடுத்துக் கொடுக்காதீர்கள் என்பது அதன் கருத்து. அதன் பிறகு ஒவ்வொருவரும் தம்மிடம் இருந்ததில் நல்லதையே கொண்டுவந்தார்கள் என்று அந்த அறிவிப்பு முடிகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸுஃப்பா திண்ணையில் இருந்தவர்கள் இல்மு தேடி வந்தவர்கள். வீடு வாசலை விட்டு, நபி (ஸல்) அவர்களிடம் கற்பதற்காகவே தங்கியவர்கள். படிக்க வந்தவர்களின் கையில் சொத்தைப் பழம் விழுந்ததையே அல்லாஹ் கண்டித்தான். படிக்க ஆசைப்படும் ஒரு கிராமத்துக் குழந்தையின் கையில் நாம் எதை வைக்கிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

குழந்தைகள் இப்போது எங்கே நிற்கிறார்கள்?

'அசர்' என்ற ஆய்வைப் பற்றிப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். பிரதம் என்ற கல்வி அமைப்பு 2005 முதல் இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளின் வாசிப்பைச் சோதிக்கும் ஆய்வு அது. சோதனை மிக எளிது. முதலில் சில எழுத்துகள், பிறகு சில சொற்கள், பிறகு முதல் வகுப்பு அளவில் ஒரு சிறு பத்தி, கடைசியாக இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. குழந்தை எதுவரை வாசிக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள்.

2018இல் நாடு முழுவதும் கிராமப்புற மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் அந்த இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடிந்தவர்கள் 27.3 சதவீதம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022இல் அது 20.5 சதவீதமாகக் குறைந்தது. 2024இல் மறுபடி 27.1 சதவீதத்துக்கு வந்திருக்கிறது. பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கிறோம். ஆனால் அந்தப் பழைய இடத்திலேயே நான்கில் மூன்று குழந்தைகள் ஒரு வகுப்புப் பின்தங்கித்தான் இருந்தார்கள்.

மூன்றாம் வகுப்புக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? அதுவரை குழந்தை வாசிக்கக் கற்கிறது. அதற்குப் பிறகு வாசித்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கற்க வேண்டும். அறிவியலும் சமூக அறிவியலும் கணக்கில் வரும் கேள்வியும் வாசிப்பு வழியேதான் வருகின்றன. அந்தத் திருப்பத்தில் வாசிக்கத் தெரியாமல் நிற்கும் பிள்ளை வருடா வருடம் இன்னும் பின்னால் போகிறது. பிறகு "படிப்பு ஏறல" என்று சொல்லி வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். படிப்பறிவு இல்லாத வீட்டிலிருந்து முதல்முறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு இது இன்னும் கடினம். அந்த வீட்டில் பாடப்புத்தகத்தைத் தவிர அச்சடித்த தாள் என்று பெரும்பாலும் காலண்டரும் ரேஷன் கார்டும்தான் இருக்கும்.

தமிழ்நாடு அரசும் இதை உணர்ந்து வேலை செய்கிறது. 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும், அதைத் தொடர்ந்து வந்த வாசிப்பு இயக்கம் மூன்றும் இந்தக் குறையை நோக்கியவை. நம் புத்தகம் இந்த வேலைக்குத் துணையாக இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு சுமையாகிவிடக் கூடாது.

எந்தப் புத்தகம்?

வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறது: நுழை, நட, ஓடு, பற. இந்த நான்கு சொற்களையும் மனதில் வைத்துக்கொண்டால் புத்தகம் தேர்ந்தெடுப்பது சுலபம்.

நுழை: பக்கம் முழுக்கப் படம், கீழே ஒரு வரி. நட: இரண்டு மூன்று சிறு வாக்கியங்கள். ஓடு: ஒரு முழுக் கதை, ஆனால் பத்திகள் சிறியவை. பற: குழந்தை தனியாக உட்கார்ந்து முடிக்கக்கூடிய நீளமான கதை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு 'பற' புத்தகம்தான் என்று வகுப்பை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கிராமப் பள்ளிகளில் அதிகம் தேவைப்படுவது முதல் இரண்டு படிகளில் உள்ளவைதான். நாம் பெட்டி பெட்டியாகக் கொடுப்பதோ பெரும்பாலும் நான்காம் படிக்கும் மேலே உள்ளவை.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு வழி உண்டு. குழந்தையை ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஒரே பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு அந்தக் குழந்தைக்கு உரியதல்ல. ஒன்றிரண்டு விரல்தான் மடங்கியது என்றால் அதுவே சரியான புத்தகம்.

அடுத்தது மொழி. ஆங்கிலப் புத்தகம் கொடுத்தால் பிள்ளைக்கு ஆங்கிலம் வரும் என்று நல்ல நிய்யத்தோடு நினைக்கிறோம். வீட்டில் பேசும் மொழியில் வாசிக்கத் தெரிந்த பிறகுதான் மற்ற மொழியில் வாசிப்பு ஏறும். நேபாள மலைக் கிராமங்களுக்கு ஆங்கிலப் புத்தகங்களைத் திரட்டிக் கொடுப்பதில் தொடங்கிய 'ரூம் டு ரீட்' என்ற அமைப்பும் சில வருடங்களிலேயே உள்ளூர் மொழிகளில் தானே சிறுவர் நூல்களை வெளியிட ஆரம்பித்தது. நம் பக்கத்துக் கிராமங்களுக்கு முதலில் தமிழ், அடுத்து தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் இருமொழிப் புத்தகம். செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்து தங்கியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒடியா மொழிப் புத்தகம் தேடித் தர வேண்டும். உருது பேசும் நம் வீடுகளில் உள்ள உருதுக் கதைப் புத்தகங்களை உருது கற்பிக்கும் பள்ளிகளுக்கோ மக்தபுக்கோ கொடுங்கள். அங்கே அவற்றுக்கு ஆள் இருக்கிறது.

வாங்குவதற்குப் பெரிய பணம் தேவையில்லை. நேஷனல் புக் டிரஸ்ட், சென்னையில் உள்ள துளிகா, பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், பிரதம் புக்ஸ் ஆகியோர் சிறுவர்களுக்கான படக்கதைகளைத் தமிழில் வெளியிடுகிறார்கள். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்து இலவசமாகக் கிடைக்கின்றன. அச்செடுத்துக் கொடுக்கவும் அனுமதி உண்டு.

கொடுக்கக் கூடாதவையும் உண்டு. 2018-19 கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டில் பாடத்திட்டம் மாறியது. அதற்கு முந்தைய கைடுகளும் பாடநூல்களும் பழைய பேப்பருக்குப் போக வேண்டியவை. பக்கம் போனது, விடை நிரப்பிய பயிற்சி நூல், ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்தது ஆகியவற்றையும் தள்ளிவிடுங்கள். பழைய புத்தகமே கூடாது என்பதல்ல. உங்கள் பிள்ளை ஆசையாகப் படித்து, அட்டை கொஞ்சம் தேய்ந்த கதைப் புத்தகம் கடையில் வாங்கிய புதிய கைடைவிட எவ்வளவோ மேல்.

மாட்டுவண்டியில் போன புத்தகம்

நல்ல புத்தகம் கிடைத்தால் மட்டும் போதுமா? அது குழந்தையின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இதில் நமக்கு முன்னோடி நம் மாநிலத்திலேயே இருக்கிறார்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்தவர். நூலகத்துக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931இல் நூலாக வந்தன. இன்றும் உலகெங்கும் நூலகர்கள் அவற்றைப் படிக்கிறார்கள். புத்தகம் பயன்பாட்டுக்கானது, வாசிப்பவருக்கு ஏற்ற புத்தகமும் புத்தகத்துக்கு ஏற்ற வாசகரும் சந்திக்க வேண்டும் என்பதே முதல் மூன்று விதிகளின் சாரம். அதே 1931இன் அக்டோபரில் மன்னார்குடி பக்கத்தில் உள்ள மேலவாசலில் அவர் ஒரு மாட்டுவண்டி நூலகத்தைத் தொடங்கி வைத்தார். மன்னார்குடி கனகசபை பிள்ளையின் முயற்சியில் உருவான வண்டி அது. கிராமத்து மக்கள் நூலகத்துக்கு வர முடியாது என்பதால் நூலகமே மாடு பூட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போனது.

அவரும் அவரைப் போன்றவர்களும் உழைத்ததால்தான் 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரி சேர்ந்து வருவது அந்தச் சட்டத்தால்தான். பக்கத்துக் கிளை நூலகம் நம் பணத்திலும் நடக்கிறது என்று அர்த்தம். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அங்கே உறுப்பினர் அட்டை இருக்கிறது?

மாட்டுவண்டி இன்று வேண்டாம். குமிழி, கீரப்பாக்கம் போன்ற கிராமங்கள் நமக்கு பைக்கில் போய் வரும் தூரம்தான். ஒரு துணிப்பையில் முப்பது புத்தகம் போதும். அதை ஒரு பள்ளியில் வைத்து, இரண்டு மாதம் கழித்து அடுத்த கிராமத்துப் பையோடு மாற்றிக்கொள்ளலாம். முப்பது புத்தகத்தை வைத்து நான்கு கிராமத்துப் பிள்ளைகள் படிக்கலாம்.

இன்னொரு தடையும் இருக்கிறது. புத்தகம் தொலைந்தால் கணக்குக் காட்ட வேண்டுமே என்று பயந்து ஆசிரியர்கள் பீரோவில் பூட்டிவிடுவதுண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். கிழியட்டும், தொலையட்டும். வேறு தருகிறோம்." அந்த ஒரு வார்த்தை பீரோவைத் திறக்கும்.

புத்தகத்தோடு ஓர் ஆள்

பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகள் சுமார் எழுபது பேர். வசதி உள்ளவர்கள் ஈட்டுத்தொகை கட்டி விடுதலையானார்கள். பணமில்லாத, ஆனால் எழுதத் தெரிந்தவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வேறு ஈடு விதித்தார்கள். அன்ஸார்களின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் விடுதலை. இதை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்க முஸ்னத் அஹ்மதில் காண்கிறோம். ஆளுக்குப் பத்துப் பிள்ளைகள் என்றும், ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அப்படிக் கற்றவர்களில் ஒருவர் என்றும் இப்னு ஸஅத் பதிவு செய்திருக்கிறார். பின்னாளில் குர்ஆனை ஒன்றுதிரட்டும் பணி அந்த ஸைதிடம்தான் ஒப்படைக்கப்பட்டது.

போரால் நொந்திருந்த மதீனாவுக்குப் பணமும் தேவைப்பட்டது. இருந்தும் பிள்ளைகளின் எழுத்தறிவு பணத்துக்குச் சமமாக வைக்கப்பட்டது. கற்பித்தவர்கள் அன்று முஸ்லிம்கள்கூட அல்லர். கல்வியைப் பெறுவதில் அவர்கள் பேதம் பார்க்கவில்லை. கொடுப்பதில் நாமும் பார்க்க வேண்டியதில்லை.

ஆள் உட்கார்ந்து கற்பித்ததால்தான் அந்தப் பிள்ளைகள் எழுதினார்கள். 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்ததும் மாலையில் வந்து உட்கார்ந்த தன்னார்வலர்களால்தான். அதனால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். செய்ய வேண்டியது அதிகமில்லை. குழந்தையின் பக்கத்தில் உட்காருங்கள். வரிக்குக் கீழே விரல் வைத்து நீங்கள் ஒருமுறை வாசியுங்கள், பிறகு சேர்ந்து வாசியுங்கள், பிறகு குழந்தை தனியாக வாசிக்கட்டும். திணறினால் பொறுமையாகக் காத்திருங்கள். அதே புத்தகத்தை ஐந்தாவது முறை கேட்டாலும் சலிக்காமல் வாசியுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதில்தான் சொற்கள் பதிகின்றன. நம் பிள்ளைகள் மக்தபில் பாடம் பதிய வைத்துக்கொள்வதும் அப்படித்தானே?

ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி. நம் வீட்டுப் பெண்கள், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இந்த வேலையில் முன்னால் நிற்கலாம்.

கொடுப்பதில் பேண வேண்டிய ஒழுங்குகள்

1. முதலில் கேளுங்கள். தலைமை ஆசிரியரிடம் எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள், என்ன இருக்கிறது, என்ன தேவை என்று கேட்டுவிட்டுத் திரட்டுங்கள்.

2. கதைப் புத்தகத்துக்குள் மார்க்கத் துண்டுப் பிரசுரம் வைக்க வேண்டாம். நம்மை நம்பிப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு நாம் செய்யும் அமானிதம் அது.

3. வாங்கும் பிள்ளையின் முகத்தைப் போட்டோ எடுத்துப் பரப்ப வேண்டாம். சொல்லிக்காட்டுவதும் மனம் நோகச் செய்வதும் தர்மத்தைப் பாழாக்கும் என்று சூரா அல்பகரா 264ஆம் வசனம் எச்சரிக்கிறது.

4. ஜகாத் சூரா அத்தவ்பா 60ஆம் வசனம் கூறும் எட்டு வகையினருக்கு உரியது. பொதுவில் வைக்கும் புத்தகங்களுக்கு ஸதகாவிலிருந்து செலவு செய்வதே பேணுதல். சந்தேகம் இருந்தால் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துவிட வேண்டாம். இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். எது கிழிந்திருக்கிறதோ அதே போல இன்னும் இரண்டு வாங்குங்கள். எது புதிதாகவே இருக்கிறதோ அதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

குடும்பத்தோடு பேச

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள்.

• நம் வீட்டில் யாருக்குப் பிடித்த கதைப் புத்தகம் எது? அதைப் போல ஒன்றை வேறொரு பிள்ளைக்குக் கொடுக்க மனம் வருமா?

• கொடுக்க எடுத்து வைத்திருக்கும் புத்தகத்தை நமக்கு யாராவது பரிசாகக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்குவோமா?

• நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாவின் பிள்ளை, தெருவில் இஸ்திரி போடுபவரின் பிள்ளை என்ன படிக்கிறார்கள்? அவர்கள் வாசிப்பதை நாம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

இந்த மாதச் செயல்

வீட்டுக்கு இரண்டு புத்தகம் போதும். ஒன்று 'நுழை' அல்லது 'நட' படியில் புதிதாக வாங்கியது. இன்னொன்று உங்கள் பிள்ளை தானே விரும்பித் தேர்ந்தெடுத்துத் தருவது. பிரியமானதிலிருந்து செலவு செய்யாதவரை நன்மையை அடைய முடியாது என்று சூரா ஆலு இம்ரான் 92ஆம் வசனம் கற்றுத் தருவதைப் பிள்ளை அன்றே செயலில் கற்றுக்கொள்ளும். முதல் பக்கத்தில் பெயர் எழுத வேண்டாம். பெட்டி நிறைய வேண்டும் என்ற அவசரமும் இல்லை.

அந்த நான்காம் வகுப்புச் சிறுமிக்கு மறுமுறை போனபோது தமிழில் ஒரு படக்கதை கொண்டுபோனோம். பதினாறு பக்கம், பக்கத்துக்கு இரண்டு வரி. முதல் பக்கத்தில் மூன்று இடத்தில் நின்றாள். கடைசிப் பக்கத்தில் நிற்கவில்லை. முடித்துவிட்டு, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா? தம்பிக்குப் படிச்சுக் காட்டணும்" என்றாள்.

மனிதன் இறந்த பிறகும் நன்மை தந்துகொண்டிருப்பவற்றில் நிலையான தர்மத்தையும் பயன் தரும் கல்வியையும் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பிள்ளை வாசித்து, அது தம்பிக்கு வாசித்துக் காட்டுவதில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. அந்த நன்மையில் நம் அனைவருக்கும் அல்லாஹ் பங்கு தருவானாக. நாம் கொடுப்பதில் நல்லதைத் தேர்ந்தெடுக்கும் மனதையும் தருவானாக. ஆமீன்.